ஒன்றும் இல்லாத ஐந்து மில்லிமீட்டர்

ரூட்டருக்கான அடாப்டர் ஒன்று சோதனைக்கு வந்தால் எங்கள் மேசையில் அதற்கு முதலில் நேர்வது அறுவை. கூட்டின் ஒட்டு விளிம்பில் சிறு ரம்பத்தை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பாகங்களில் ரம்பத்தின் பல் பட்டுவிடும். அதன் பிறகு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. கூடு இரண்டாகப் பிரிந்ததும் சர்க்யூட் போர்டை வெளியே எடுத்துத் திருப்பி, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பேன். பின்பக்கம் முழுவதும் செம்புத் தடங்களும் ஈயப் பொட்டுகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும், போர்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, ஒரு பட்டை வெறுமையாக ஓடும். தடம் இல்லை, ஈயம் இல்லை, எதுவும் இல்லை. என் கண் முதலில் போவது அங்கேதான்.

அந்தப் பட்டையின் ஒரு கரையில் சுவரிலிருந்து வரும் மின்சாரம். 230 வோல்ட் என்று நாம் சொல்வது அதன் பயனுறு மதிப்பு. அலையின் உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடுகிறது. அடாப்டருக்குள் நேர்மின்சாரமாக மாறி கெபாசிட்டரில் சேரும்போது ஏறக்குறைய அந்த உச்சியிலேயே நிற்கும். மறுகரையில் இருப்பது விரலில் பட்டாலும் தெரியாத 12 வோல்ட். அது கம்பி வழியாக ரூட்டருக்குப் போய், இணைப்புத் துளைகளின் உலோக விளிம்புகளில், யார் கையும் படக்கூடிய இடத்தில் முடிகிறது. உயிரை எடுக்கக்கூடிய கரைக்கும் குழந்தை தொடக்கூடிய கரைக்கும் நடுவே அந்த வெறும் பட்டைதான் இருக்கிறது. 250 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்துக்கு, வழக்கமான போர்டுப் பொருளில், சாதாரண அறைச் சூழலில், பரப்பின் வழியே அங்கே 5 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும்.

சில காலத்துக்கு முன் வந்த ஒரு போர்டில் 4.6 இருந்தது.

அதை வடிவமைத்த பொறியாளர் இளம்பெண். அறிக்கையைப் பார்த்ததும் நேரில் வந்துவிட்டார். கோபம் இருந்தது, ஆனால் அதைவிடக் குழப்பம்தான் அதிகம். “சார், ஹை-பாட் சோதனையில் 3000 வோல்ட் கொடுத்தீர்கள். அறுபது விநாடி நின்றது. ஒரு பொறிகூட இல்லை. பிறகு இந்த 0.4 மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?”

இந்தத் தொழிலில் நான் கேட்ட மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று. அதற்கு அன்று மேசையருகே நின்றபடி சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹை-பாட் என்பது மின்காப்பின் வலிமையைப் பார்க்கும் சோதனை. மின்சாரம் வரும் பக்கத்தை ஒன்றாகக் கட்டி, வெளியே போகும் பக்கத்தை ஒன்றாகக் கட்டி, இரண்டுக்கும் நடுவே வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னழுத்தத்தைச் செலுத்தி ஒரு நிமிடம் காத்திருப்பது. காப்பு உடைந்தால் சுளீரென்று ஒரு சத்தம் கேட்கும். கருவி உடனே அணைந்துவிடும். பார்ப்பவர்களை மிகவும் ஈர்க்கும் சோதனை இதுதான். அது சொல்லும் செய்தி மட்டும் நாம் நினைப்பதைவிடச் சிறியது. இன்றைக்கு, சுத்தமான, உலர்ந்த, புதிய இந்த ஒரு பொருளில் காப்பு உடையவில்லை. அவ்வளவுதான். காற்று நல்ல காப்பான். அந்தப் பெண்ணின் போர்டில் இடைவெளி 3.5 மில்லிமீட்டராக இருந்திருந்தாலும் அன்று அது தேறியிருக்கும்.

அந்தப் பொருள் எங்கள் மேசையில் வாழப்போவதில்லை. அலமாரிக்குப் பின்னால், தரையோரத்தில், தூசி படியும் இடத்தில், பல ஆண்டுகள், இரவும் பகலும் மின்சாரத்தில் மாட்டியபடி கிடக்கப்போகிறது. தூசி ஈரத்தை உறிஞ்சும். ஈரமான தூசிப் படலம் மின்சாரத்தை மிகச் சிறிய அளவில் கடத்தும். அந்தச் சிறு மின்னோட்டத்தின் சூட்டில் படலம் ஆங்காங்கே காயும். காய்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி தாண்டும். ஒவ்வொரு பொறியும் பிளாஸ்டிக்கை ஒரு புள்ளி கருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும், கோடு நீண்டு ஒருநாள் மறுகரையைத் தொடும். இதற்குத் துறையில் டிராக்கிங் என்று பெயர். காற்றின் வழியே உள்ள நேர்த்தூரத்தைக் கிளியரன்ஸ் என்றும், பரப்பின் மேல் எறும்பு ஊர்ந்து போகும் தூரத்தைக் கிரீப்பேஜ் என்றும் தனித்தனியாக அளப்பதற்குக் காரணம் இதுதான். மின்னழுத்தத்தின் திடீர் உயர்வு காற்றைத் தாண்டும். பரப்பை அழிப்பது காலம்.

பரப்பின் பொருள் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பொருளின் மேல் இரண்டு பிளாட்டின முனைகளை 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, நடுவில் அமோனியம் குளோரைடு கலந்த நீரை முப்பது விநாடிக்கு ஒரு துளி வீதம் ஐம்பது துளிகள் விடுவார்கள். துளி விழும், சீறும், ஆவியாகும். அடுத்த துளி விழும். பல ஆண்டுத் தூசியையும் ஈரத்தையும் அரை மணிக்குள் சுருக்கிவிடும் சோதனை அது. எந்த மின்னழுத்தம் வரை கரித்தடம் உருவாகாமல் தாங்குகிறதோ அதை வைத்துப் பொருள்களை வகுப்பு பிரிக்கிறார்கள். அடாப்டர்களில் வழக்கமாக வரும் கண்ணாடியிழை போர்டு இந்த வரிசையில் மேல்தட்டில் இல்லை. அதனால்தான் அதற்கு 5 மில்லிமீட்டர் கேட்கப்படுகிறது. நல்ல வகுப்புப் பொருளானால் அதைவிடக் குறைவாகவே போதும்.

இடைவெளி தேவை என்றால் இரு கரைகளையும் முழுதாகப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். பிரித்தால் அடாப்டர் வேலை செய்யாது. சக்தி ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போயாக வேண்டும். மறுகரையில் மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற செய்தி திரும்பி வர வேண்டும். மின்காந்த இரைச்சலுக்கு ஒரு வடிகால் வேண்டும். ஆகவே அந்த வெறும் பட்டையின் மேல் மூன்று பாலங்கள் இருக்கும். சக்திக்கு டிரான்ஸ்ஃபார்மர், செய்தியை ஒளியாக மாற்றிக் கடத்த ஆப்டோகப்ளர், இரைச்சலுக்கு ஒய் கெபாசிட்டர். ஆளைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. சூடாக்கிப் பசையை இளக்கி, ஃபெரைட் கருவைக் கழற்றி, மேலே சுற்றியிருக்கும் மஞ்சள் நாடாவின் நுனியைக் கண்டுபிடித்து உரிக்கத் தொடங்குவேன். ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்வேன். முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் நடுவே மூன்று அடுக்கு நாடா இருந்தால், அவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் அந்த இரண்டே முழுச் சோதனை மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஏன் மூன்று? நாடா செய்யும்போதே ஓர் அடுக்கில் ஊசிமுனைத் துளை இருந்திருக்கலாம். சுற்றும் கை ஓரிடத்தில் இழுத்துவிட்டிருக்கலாம். அப்படி ஒன்று கெட்டிருந்தாலும் மீதி இரண்டு காக்கும். நாடாவின் ஓரத்தில் கம்பி நழுவி அடுத்த சுருளின் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பேன். அடுக்கு எத்தனை இருந்தாலும் ஓரத்தில் நழுவிய ஒரு கம்பி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஒய் கெபாசிட்டரைப் பற்றி மனத்தில் தங்கிவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நாணயத்தைவிடச் சிறிய தட்டு, பெரும்பாலும் நீல நிறம். அதன் மேல் மதிப்பும், ஒய்1 அல்லது ஒய்2 என்ற வகுப்பும், பல நாட்டுச் சான்று முத்திரைகளும் இடம் போதாமல் அச்சிடப்பட்டிருக்கும். ஒய்1 வகுப்பு 8 கிலோவோல்ட் மின்துடிப்பையும் ஒய்2 வகுப்பு 5 கிலோவோல்ட்டையும் தாங்கிக் காட்ட வேண்டும். சாதாரணக் கெபாசிட்டர் கெடும்போது உள்ளே இரு தகடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடக்கூடும். வேறு எங்கேயாவது இருந்தால் பொருள் நின்றுபோகும், அவ்வளவுதான். இந்தப் பாலத்தில் சேர்ந்துவிட்டால் 12 வோல்ட் கரைக்கு வீட்டு மின்சாரம் நேராக வந்துவிடும். அந்த நேர்ச்சியைத் தடுக்கவே ஒரு தனி வகுப்பு, தனிச் சோதனை, அவ்வளவு முத்திரைகள்.

ஒருமுறை, நாங்கள் தேறியதாகச் சான்றளித்த ஒரு மாதிரியைத் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையிலிருந்து எடுத்துத் திரும்பப் பார்த்தேன். பட்டையின் மேல் அதே இடத்தில் அதே நீல நிறத் தட்டு. விளக்கில் திருப்பிப் பார்த்தேன். முத்திரை ஒன்றுகூட இல்லை. மதிப்பும் 2 கிலோவோல்ட் என்ற எழுத்தும் மட்டும் இருந்தன. உற்பத்திப் பொறுப்பாளரைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “வழக்கமாக வருவது கிடைக்கவில்லை சார். மதிப்பு அதேதான், அளவும் அதேதான். 2000 வோல்ட் தாங்கும் என்று போட்டிருக்கிறதே. ஆறு மாதமாக இதைத்தான் போடுகிறோம், ஒரு புகாரும் இல்லை.”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பாதுகாப்புக்காக வைக்கப்படும் பாகம், அது தேவைப்படும் நாள் வரை எதையும் செய்வதில்லை. அது இல்லாவிட்டாலும் ரூட்டர் அதே வேகத்தில் ஓடும், விளக்குகள் அதே பச்சையில் மின்னும். மின்னல் தாக்கும் ஒரு மழை இரவில், அல்லது மின்கம்பியில் திடீர் உயர்வு வரும் ஒரு மதியத்தில்தான் அது இருந்ததா இல்லையா என்று தெரியும். அதைத் தெரிந்துகொள்பவர் நானோ அந்தப் பொறுப்பாளரோ அல்ல. அந்தத் தொகுதியை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இன்றும் அதற்காக வருந்துகிறேன், ஆனால் இன்னொரு முறை நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன்.

இதே கெபாசிட்டர்தான் பலர் கேட்கும் ஒரு சந்தேகத்துக்கும் விடை. மடிக்கணினியை மின்சாரத்தில் மாட்டியபடி அதன் உலோக உடலின் மேல் விரலை மெல்ல இழுத்தால் ஒரு மெல்லிய நடுக்கம் தெரியும், கையெடுத்துவிட்டால் போய்விடும். ஷாக் அடிக்கிறது என்று பயந்து கேட்பார்கள். 2.2 நானோஃபாரட் ஒய் கெபாசிட்டர் வழியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கசிந்தால் அதிகபட்சம் 0.16 மில்லியாம்பியர் வரும். எர்த் இணைப்பு இல்லாத, இரட்டைக் காப்புள்ள கணினிச் சாதனங்களுக்குப் பழைய தரநிலை 0.25 மில்லியாம்பியர் வரை அனுமதித்தது. மனித உடல் பொதுவாக 0.5 மில்லியாம்பியர் அளவில் திடுக்கிட்டு எதிர்வினை காட்டத் தொடங்கும். பிடித்த பொருளை விட முடியாமல் தசை இறுகுவது ஏறக்குறைய 10 மில்லியாம்பியரில். ஆகவே அந்த நடுக்கம் வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்தே அனுமதிக்கப்பட்டது. ஆனால் நல்ல கெபாசிட்டர் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு.

இந்தக் கசிவை அளக்க நாங்கள் மனிதரை வைப்பதில்லை. மனிதருக்குப் பதிலாகச் சில மின்தடைகளையும் ஒரு கெபாசிட்டரையும் வைக்கிறோம். தோலுக்கு 1500 ஓம், அதற்குப் பக்கவாட்டில் 0.22 மைக்ரோஃபாரட், உடலின் உட்பகுதிக்கு 500 ஓம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டிக்குள் ஓர் உடல். அதே போல் எங்களிடம் ஒரு சோதனை விரலும் உண்டு. உலோகத்தில் செய்தது, மனித விரலைப் போலவே மூட்டுகளில் மடங்கும். கூட்டில் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் இடுக்கிலும் அதை நுழைத்து, வளைத்து, உள்ளே ஆபத்தான எதையாவது தொடுகிறதா என்று பார்ப்போம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான். யாருக்காக இதைச் செய்கிறோம் என்பது அந்த விரலைப் பிடித்தவுடன் புரிந்துவிடுகிறது.

இவ்வளவும் பொருள் ஒழுங்காக இயங்கும்போது. அடுத்த கட்டத்தில் அதை நாங்களே கெடுக்கிறோம். காற்று போகும் துளைகளை அடைப்போம். விசிறியைச் சுழலவிடாமல் பிடித்து நிறுத்துவோம். கெபாசிட்டரின் இரு கால்களைக் கம்பியால் சேர்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் தாங்காத சுமையை வெளியே மாட்டுவோம். ஒரு நேரத்தில் ஒரு பழுது மட்டும். அதன் விளைவாக வரும் பழுதுகள் எல்லாம் அதே கணக்கில் சேரும். பொருளை மெல்லிய தாளின் மேல் வைத்து, வெண்மையான பருத்தித் துணியால் போர்த்திவிட்டுக் காத்திருப்போம். சில பழுதுகள் நொடியில் முடிந்துவிடும். ஃபியூஸ் போய்விடும், அமைதி. சில பழுதுகள் மணிக்கணக்கில் இழுக்கும். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரியாக ஏறும். வார்னிஷ் கருகும் வாசனை முதலில் வரும், பிறகு புகை. அறையில் யாரும் பேச மாட்டார்கள். கடைசியில் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பொருள் உள்ளே கருகிக் கிடக்கலாம், இனி ஒருபோதும் இயங்காமல் போகலாம். அது தோல்வி அல்ல. துணியில் தீப்பட்ட அடையாளம் இருந்தால்தான் தோல்வி. அந்தத் துணி, அந்தப் பொருளின் மேல் விழுந்து கிடக்கக்கூடிய திரைச்சீலைக்கும் போர்வைக்கும் பதிலாக நிற்கிறது.

கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது. பழுதே ஆகாத பொருளை யாரும் செய்ய முடியாது. பழுதாகும் அந்த வேளையிலும் தொடுபவருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இன்னும் ஏதாவது ஒன்று மிச்சமிருக்க வேண்டும்.

இப்படி யோசிப்பதுதான் இப்போதைய தரநிலையின் அடிப்படையாகவே மாறிவிட்டது. முன்பு ஐஇசி என்னும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நூல்களில், அலுவலக இயந்திரங்களுக்கு ஐஇசி 380, தரவுக் கணினிகளுக்கு ஐஇசி 435 என்று தனித்தனி விதிகள் இருந்தன. 1986-இல் இரண்டும் இணைந்து ஐஇசி 950 ஆயின. அதுவே பின்னர் 60950 ஆனது. தொலைக்காட்சிக்கும் ஒலிக்கருவிகளுக்கும் 60065 என்று வேறொரு விதிநூல். தொலைக்காட்சி கணினியானது, கணினி தொலைக்காட்சியானது, தொலைபேசி இரண்டுமானது. எந்தப் பொருள் எந்த நூலின் கீழ் வரும் என்ற வாக்குவாதத்திலேயே நாள்கள் போகும். 2010-இல் ஐஇசி 62368-1 வந்தது. 2020 டிசம்பர் 20 முதல் ஐரோப்பாவில் பழைய இரண்டின் இடத்தையும் அது எடுத்துக்கொண்டது.

பெயர் மாறியதைவிடக் கேள்வி மாறியதுதான் பெரிது. பழைய நூல் “இதை இப்படிச் செய்” என்று பட்டியல் போட்டது. புதிய நூல், தீங்கு செய்யும் ஆற்றல் எங்கே இருக்கிறது, அது எந்த உடலைத் தொடக்கூடும், நடுவில் நிற்கும் காப்பு எது என்று கேட்கிறது. ஆற்றல் மூலங்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு, உணர்ந்தாலும் வலிக்காது. இரண்டாவது வலிக்கும், காயப்படுத்தாது. மூன்றாவது காயப்படுத்தும். நேர்மின்சாரத்தில் முதல் வகுப்பின் எல்லை 60 வோல்ட், இரண்டாவதற்கு 120. சாதாரண மனிதருக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு காப்பு போதாது. ஒன்று கெட்டாலும் இன்னொன்று நிற்கும்படி இரட்டைக் காப்போ, அதற்கு ஈடான வலுவூட்டிய காப்போ வேண்டும். பழகிய பலருக்கு இந்த மாற்றம் எரிச்சலாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. விதியின் எண் மட்டும் தெரிந்தவரைவிட, விதி எதற்காக என்று தெரிந்தவர் புதுவகைப் பொருளின் முன் தடுமாறுவது குறைவு.

ஒரு சிறிய உதாரணம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியவுடன் அதன் உலோகக் கால்களைத் தொட்டால் என்ன ஆகும்? உள்ளே மின்வடிகட்டியாக இருக்கும் எக்ஸ் கெபாசிட்டரில் மின்னேற்றம் மிச்சமிருக்கும். இரண்டு விநாடிக்குள் அது பாதுகாப்பான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்காகவே ஒரு மின்தடை அதன் குறுக்கே எந்நேரமும் அந்த ஏற்றத்தை வடித்துக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கும் கை கால்களின் பக்கம் திரும்ப எடுக்கும் நேரம்தான் அந்த இரண்டு விநாடி.

தொலைத்தொடர்புச் சாதனங்களில் ஆபத்து இன்னொரு வாசல் வழியாகவும் வருகிறது. மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. தொலைபேசிக் கம்பியோ தெருவெங்கும் ஓடி, கம்பங்களில் மின்கம்பிகளோடு சேர்ந்து தொங்கி, வழியில் எங்கோ விழும் மின்னலின் தூண்டலைச் சுமந்துகொண்டு நேராகக் காதருகே வந்து முடிகிறது. நிலையத்திலிருந்து வரும் வழக்கமான 48 வோல்ட் நேர்மின்சாரத்தோடு, மணியடிக்கும்போது அதைவிட அதிகமான மாறுமின்னழுத்தமும் அதே கம்பியில் வரும். அந்த 48 வோல்ட்டை எதிர்முனையாக வைத்திருப்பதும் சுவையான செய்தி. நேர்முனை பூமியில் இணைக்கப்பட்டால் ஈரத்தில் கிடக்கும் செம்புக் கம்பி அரிக்கப்படுவது குறைகிறது.

மின்னலுக்குப் பதிலாக நாங்கள் செலுத்துவது 10/700 மின்துடிப்பு. பத்து மைக்ரோவிநாடியில் உச்சிக்கு ஏறி, 700 மைக்ரோவிநாடியில் பாதியாக இறங்கும் அலை. சாதனத்தின் தொடக்கூடிய பகுதிகளுக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் நடுவே பழைய தரநிலை கேட்டது 1.5 கிலோவோல்ட். ஆனால் கையில் பிடித்துக் காதில் வைக்கும் ரிசீவர் போன்ற பகுதிக்கு 2.5 கிலோவோல்ட். இந்த வேறுபாட்டை முதன்முதலில் படித்தபோது சிறிது நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன். பெட்டியை ஒருவர் எப்போதாவது தொடுவார். ரிசீவரை இறுகப் பிடித்து, தலையோடு சேர்த்து வைத்திருப்பார். யாரோ ஒரு குழுவில் அதை நினைத்துப் பார்த்து எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இன்று அந்தக் கம்பியின் இடத்தில் ஈதர்நெட் என்னும் கணினி வலைக் கம்பி வந்துவிட்டது. அதே கம்பியில் மின்சக்தியும் போகிறது. 2003-இல் வந்த முதல் முறை ஓர் இணைப்புத் துளைக்கு 15.4 வாட் கொடுத்தது. 2018-இல் வந்தது 90 வாட் வரை. மின்னழுத்தமோ 57 வோல்ட்டுக்கு மேல் போவதில்லை. 60 வோல்ட் என்ற முதல் வகுப்பின் எல்லையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சக்தியை ஆறு மடங்காக உயர்த்தியவர்கள், வெறுங்கையால் தொடக்கூடிய மின்னழுத்தத்தைத் தாண்டாமலேயே அதைச் செய்திருக்கிறார்கள்.

பெரிய சர்வர்களில் கணக்கு வேறு. அவற்றின் உலோக உடல் எர்த் கம்பியை நம்பியிருக்கிறது. ஒரே அடுக்கில் பல சர்வர்கள் நின்றால் எல்லாவற்றின் கசிவும் ஒரே எர்த் கம்பியில் சேரும். அந்த ஒரு கம்பி அறுந்தால் அவ்வளவும் தொடுபவர் வழியே போகும். அதனால்தான் கசிவு அதிகமுள்ள சாதனங்களில் மின்சாரம் கொடுக்கும் முன் எர்த்தை இணைக்கச் சொல்லும் எச்சரிக்கைப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையின் அச்சும் தேயக்கூடாது. நீரில் நனைத்த துணியால் பதினைந்து விநாடி, பெட்ரோலிய கரைப்பானில் நனைத்த துணியால் பதினைந்து விநாடி தேய்த்த பிறகும் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும்.

எங்கள் கருவிகளையும் நாங்கள் நம்பிவிடுவதில்லை. ஹை-பாட் கருவியின் ஒரு கம்பி இணைக்கப்படாமல் கிடந்தால் எந்தப் பொருளை வைத்தாலும் தேறிவிடும். கசிவு பூஜ்யம், பச்சை விளக்கு. ஆகவே காலையில் முதல் வேலை, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு மாதிரியைக் கருவியில் மாட்டுவது. அது தோற்க வேண்டும். அது தோற்ற பிறகுதான் அன்றைய வேலை தொடங்கும்.

அந்த இளம்பொறியாளர் மூன்று வாரத்தில் புதிய போர்டோடு வந்தார். ஆப்டோகப்ளருக்கு அடியில், வெறும் பட்டையின் நடுவே, நீளமாக ஒரு துளை வெட்டியிருந்தார். நல்ல யோசனை. பரப்பின் வழியே போகும் எறும்பு இனி துளையின் முனையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். துளையின் அகலத்தை அளந்தேன். 0.8 மில்லிமீட்டர்.

அவரிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தது. சாதாரண அறைச் சூழலுக்கான விதியில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பள்ளத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. தூசி அதை நிரப்பிவிடும், ஈரம் அதன் மேல் பாலம் கட்டிவிடும். அளக்கும்போது அந்தத் துளையே இல்லாதது போல நேராகத் தாண்டி அளக்க வேண்டும். ஆகவே மறுபடி 4.6.

இந்த முறை அவர் வாதாடவில்லை. அளவுகோலை வாங்கித் தாமே ஒருமுறை அளந்தார். பிறகு துளையை விளக்கில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்தார். “ஆமாம் சார், இதில் தூசி நின்றுவிடும்” என்றார்.

அடுத்த போர்டு பத்து நாளில் வந்தது. துளை 1.2 மில்லிமீட்டர். ஆப்டோகப்ளரையும் சற்று அகலமான காலுள்ளதாக மாற்றியிருந்தார். அதை நான் கேட்கவே இல்லை. சுற்றிப் போகும் வழி 7.1 மில்லிமீட்டர். அறிக்கைத் தாளில் எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவர் அடுத்த மேசைக்குப் போயிருந்தார். அங்கே வேறு யாரோ கொண்டுவந்த ஒரு போர்டு கவிழ்ந்து கிடந்தது. அவர் குனிந்து, அதன் நடுவில் ஓடும் வெறும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.